டம்ளர்கள் ஆடும் வீடு

தங்கை: ...வழி எல்லாம் தப்பல அண்ணே. கடைத்தெருவையே காணோம், அதான் தாண்டிப் போயிட்டோம்.

அண்ணன்: கடைசி டீக்கடையும் போன மாசம் மூடியாச்சு. உக்காருங்க மாப்ள.

மாப்பிள்ளை: எங்களைப் பாத்து ஒரு நாய்கூட குலைக்கல மச்சான்.

அண்ணன்: அதுக்கும் ஆளைப் பாத்து நாளாச்சுல்ல. மறந்திருக்கும்.

தங்கை: எத்தனை வீட்டுல ஆள் இருக்கு?

அண்ணன்: விளக்கு எரியறது ஆறு வீட்டுல. கரி வெட்டறது நின்னே நாலு வருஷம் ஆச்சேம்மா. இப்ப சுரங்கத்துல ஊறுற தண்ணிய வெளிய தள்ற மோட்டாரும் நானும்தான் மிச்சம்.

மாப்பிள்ளை: அதைப் பத்திதான் மச்சான் இவ...

தங்கை: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

அண்ணன்: என்னம்மா?

தங்கை: ஒண்ணுமில்ல... எங்களோட வந்துடேன் அண்ணே. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு.

அண்ணன்: அப்பா?

தங்கை: ...அப்பா உள்ள போய் இருபத்திரண்டு வருஷமாச்சு.

அண்ணன்: மண்ணு சரிஞ்சதுல பதினோரு பேரை மேல கொண்டு வந்தாங்க. அவரை மட்டும் எடுக்க முடியல. அவர் கெடக்கிற எடம் நனையக் கூடாதுன்னு அம்மா சாகும்போது அவ கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

தங்கை: நானும் பக்கத்துலதானே நின்னேன்.

மாப்பிள்ளை: மச்சான், மோட்டார் ஓடுனா இந்த அலமாரி டம்ளர் எல்லாம் கடகடன்னு ஆடுமே. கல்யாணமான புதுசுல, பூகம்பம்னு நான் தெருவுக்கு ஓடினேனே.

அண்ணன்: ஒத்தைச் செருப்போட.

தங்கை: ஆமா... இன்னிக்கு ஆடலையே?

அண்ணன்: அடியில துணி மடிச்சு வச்சிருக்கேன். நீ காப்பியக் குடி, ஆறுது.

மாப்பிள்ளை: இன்னும் எவ்வளவு நேரம் மென்னு முழுங்குவே? பையில இருக்கிறத எடு.

அண்ணன்: என்ன காகிதம் அது?

தங்கை: சுரங்க ஆபீஸ்ல இருந்து... அப்பா உள்ள இருக்கறதால, மோட்டாரை நிறுத்தறதுக்குப் பிள்ளைங்க ரெண்டு பேரும் சம்மதிக்கணுமாம். உனக்கு மூணு தடவை அனுப்பி, நீ திருப்பிட்டியாம். அதான் எங்கிட்ட கொடுத்து விட்டாங்க.

அண்ணன்: நீ?

தங்கை: போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணே. சும்மா உன்னைப் பாக்க வர்றேன்னு போன்ல சொன்னது பொய்.

அண்ணன்: காகிதத்தை இப்படிக் கொடு.

தங்கை: திட்டு. அடிக்கக்கூட செய்.

அண்ணன்: எங்க போடணும்?

தங்கை: அண்ணே...

அண்ணன்: பேனா இருந்தா கொடுங்க மாப்ள.

மாப்பிள்ளை: மச்சான், எங்களுக்காகப் போட வேண்டாம். யோசிச்சு...

அண்ணன்: டம்ளருக்கு அடியில துணி எல்லாம் இல்ல. நீங்க வண்டி எடுத்துட்டோம்னு காலையில போன் பண்ணினதும் நானே போய் மோட்டாரை நிறுத்திட்டேன். உங்ககூட வந்துடணும்னு எனக்கே ஆசையா இருந்துச்சும்மா. பெட்டிகூட கட்டி உள்ள வச்சிருக்கேன். குழி வாசல்ல நின்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்... உங்கிட்ட சொல்லத்தான் வாய் வரல.