மணல் மூட்டைகள்

மைதானத்துப் புல்லுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் ஐயா. மைதானம் பராமரிக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

எங்கள் கால்பந்து சங்கம் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. அணி ஜெயித்தால் மறுநாள் ஆலையில் வேலையே ஓடாது. பிறகு ஆலையை மூடினார்கள். நன்றாக ஆடியவர்கள் பிழைப்புத் தேடிக் கிளம்பிப் போனார்கள், மிஞ்சியவர்களுக்குத் தொப்பை போட்டது. பத்து வருஷத்தில் முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தோம். நான் மட்டும் தண்ணீர் விட்டு, புல் வெட்டி, கோடு போட்டுக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று நினைத்தாலே எரிச்சலாக வரும்.

அப்போதுதான் பெண்கள் அணி வந்தது. ஆலை போனபின் குடும்பங்களைத் தாங்கியது பெண்கள்தான், நான் மறுக்கவில்லை. அதற்காகப் பந்தையும் தூக்கிக் கொடுத்துவிடுவதா? கொடுத்தார்கள். அவர்களும் ஜெயித்துத் தொலைத்தார்கள். கூட்டம் திரும்பி வந்தது. ஆண்களின் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் போனது. புல் தாங்காது என்று செயலாளரிடம் காலில் விழாத குறையாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

அவர்களுடைய கோல்கீப்பர் என் அண்ணன் மகள். ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"சித்தப்பா, நீங்க புல்லைப் பாத்துக்குங்க. கப்பை நாங்க பாத்துக்கறோம்."

சின்னப் பெண், வாய் கொஞ்சம் நீளம். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

மைதானத்துக்கு அடியில் ஆலையின் பழைய குழாய்கள் ஓடுவதால் கோல்கம்பங்களைப் புதைக்க முடியாது. பின்சட்டத்தில் மணல் மூட்டைகளை ஏற்றித்தான் நிறுத்துவோம். போன ஞாயிறு அவற்றை எடுத்துவிட்டேன். கம்பம் ஆடும், ஆபத்து என்று ஆட்டத்தை நிறுத்துவார்கள், புல்லுக்கு ஓய்வு கிடைக்கும். அவ்வளவுதான் என் எண்ணம். நடுவர் கண்ணில் படக் கூடாது என்று அதே மாதிரி சாக்குகளில் மரத்தூளை நிரப்பி வைத்தேன்.

தன் அணி கோல் போட்டால் மேல்சட்டத்தை எம்பிப் பிடித்துத் தொங்குவது அவள் வழக்கம். எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றும் தொங்கினாள். கம்பம் முன்பக்கம் சாய்ந்து அவள் கழுத்தின் மேல் விழுந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் அந்தக் கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவள் எம்பியதையும் பார்த்தேன். அண்ணன் இதைத்தான் கேட்டார்:

"ஒரு குரல் குடுத்திருக்கலாமேடா?"

கொடுத்திருக்கலாம். ஆனால் ஆட்டம் நடக்கும்போது வெளியே நிற்பவர்கள் ஆட்டக்காரர்களிடம் பேசக் கூடாது என்பது சங்கத்தின் விதி. இந்தப் பத்து வருஷத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் ஐயா. விதியை மீறாமல் இருப்பவன் நான் ஒருவன்தான்.