நாலு வண்டி விதைக்கரும்பு

– நாலு வண்டிதானக்கா கேக்கறேன். உன் கொல்லையவே எழுதிக் குடுன்னா கேட்டேன்?

– நாலு வண்டி இல்ல, நாலு கரணைகூட உனக்குக் கெடையாது தணிகைவேலு. சாப்ட்டுட்டு ரெண்டு மணி பஸ்சப் புடி.

– சோரியாங்குப்பத்துல பவுனம்மா கொல்லை வாசல்ல வண்டி வரிசையா நிக்குதாம். எங்க மடுகரை டீக்கடையில அதான் பேச்சு. ஊரு பூரா வெதைக்கரும்பு விக்கிற. கூடப் பொறந்தவனுக்கு இல்லியா?

– கூடப் பொறந்தவன்றதாலதான் இல்லன்றேன்.

– ஓசியில கேக்கல. மத்தவன் இன்னா வெல குடுக்கறானோ அதே வெல. இப்ப கையில இல்ல, ஆலை ஆட்டி வெல்லம் போட்டதும் குடுத்துடறேன்.

– வெலையப் பத்தி யாருடா பேசினா? கொழம்ப ஊத்திக்கோ.

– சோறு எறங்க மாட்டேங்குதுக்கா. மாசி பொறந்து பத்து நாளாவுது. ஏரு ஓட்டி, பாரு புடிச்சு தண்ணியும் வுட்டாச்சு. கரணை இல்லாம நெலம் சும்மா காயுது. வெல்லம் சிப்பம் இன்னிக்கு இன்னா வெல தெரியுமா? தொண்ணூறு ரூபா.

– தெரியும். ரெண்டு வருஷம் முன்ன இருபத்தஞ்சு. அதுவும் தெரியும்.

– அது வேற. அப்ப எல்லாரும் கரும்பு போட்டுட்டான். சிப்பத்த வாங்க ஆளில்ல.

– எல்லாரும் எப்ப போட்டாங்க?

– அதுக்கு முன்ன வெல ஏறுனப்ப. போலீஸ்காரன் மாரி கேக்காதக்கா. நானும் இருவது வருஷமா வெள்ளாமை வெக்கிறவன்தான்.

– சரி. வெள்ளாமை வெக்கிறவன் சொல்லு. இப்ப நட்டா எப்ப வெட்டுவ?

– அடுத்த தை, மாசியில.

– இந்தத் தொண்ணூறு ரூபா அது வரிக்கும் உனக்காவ காத்துக்கினு இருக்குமா?

– இருக்கும்னு மண்டிக்காரரே சொல்றாரு. இந்தச் சீமையிலயே வெல்லம் இல்லக்கா. பொங்கலுக்குப் பாதி வூட்ல அஸ்கா சக்கரையப் போட்டுத்தான் பொங்குனாங்க.

– மண்டிக்காரருக்கு ஏறுனாலும் கமிஷன், எறங்குனாலும் கமிஷன். நான் வெல்லத்தோட வெலையவே பாக்கறதில்ல. வெதைக்கரும்பு கேட்டு என் வாசலுக்கு எத்தினி பேரு வர்றாங்கன்னு பாக்கறேன். எழுபத்தெட்டு மாசியில ஒருத்தன் வரல. வெதைக்கு வெச்சிருந்தத நறுக்கி மாட்டுக்குப் போட்டேன். மதகடிப்பட்டு பழைய இரும்புக் கடையில வெல்லம் காச்சற கொப்பரையும் ஆலை உருளையும் குவிஞ்சு கெடந்துது. எடைக்குப் போட்டுட்டுப் போயிருந்தாங்க. அதப் பாத்துட்டு வந்துதான் மூணு காணியும் கரும்பு வெச்சேன்.

– ஊரே சிரிச்சுது.

– நீயுந்தான் சிரிச்ச. புருஷன் போன பொம்பளைக்குப் புத்தியும் போயிடுச்சுன்னு சொன்ன.

– அத இன்னுமா வெச்சிருக்கிற?

– எங்க போவும் அது? கேட்டுக்கோ. இந்த வருஷம் இது வரிக்கும் முப்பத்தேழு பேரு வந்துட்டாங்க. மம்முட்டியத் தொட்டே பாக்காத ஹைஸ்கூல் வாத்தியாரு வந்து, காணிக்கு எத்தினி கரணைம்மா வேணும்னு கேக்கறாரு. மதகடிப்பட்டுல அதே கடைக்கு எதுத்தாப்புல புது டீசல் இஞ்சின் ஆலை அஞ்சு நிக்குது. பெயின்ட்டுகூட காயல. இவங்க எல்லாரும் ஒரே தையில வெட்டினா அத்தினி வெல்லத்தையும் யாருடா திம்பான்?

– அப்ப அவங்களுக்கு மட்டும் ஏன் விக்கிற? அவங்க வூட்ல அடுப்பு எரிய வாணாமா?

– சொல்லாம விக்கல. பாதிக்கு நெல்லு போடுங்க, மொத்தத்தையும் கரும்பாக்கிடாதீங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் சொன்னேன். பவுனம்மா தான் மட்டும் சம்பாதிக்கப் பாக்கறான்னுட்டு ஏத்திக்கினு போறாங்க. புரோக்கரு சாமிக்கண்ணு பதினாறு வண்டி ஒண்ணா பேசினாரு. யாருக்குன்னேன். கடலூரு பக்கம்னாரு. சரின்னு குடுத்துட்டேன். நான் இல்லன்னா பாகூர்ல வாங்குவாங்க. அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கறேன். சொல்லியும் மனசு ஒப்பல.

– அதையே எனக்கும் சொல்லிக்கினு நாலு வண்டி குடுத்துடு.

– முடியாதுடா. ரெண்டு வருஷம் முன்ன விக்காத கரும்புக்கு நீயே நெருப்பு வெச்சியே, அன்னிக்குச் சாயந்தரம் பூச்சி மருந்து டப்பாவக் கையில வெச்சிக்கினு கெணத்து மேட்டுல உக்காந்திருந்த. நான் அன்னிக்கு மடுகரைக்கு வந்திருந்தேனோ பொழச்ச. உன் கையப் பிரிச்சு அத எடுக்க எனக்கும் உன் பொண்டாட்டி அமுதத்துக்கும் எத்தினி நேரம் ஆச்சுன்னு உனக்குத் தெரியாது.

– அந்தப் பேச்ச எடுக்காதக்கா. இந்தத் தடவ அப்பிடி ஆவாது.

– எனக்கு பயமா இருக்குது தணிகைவேலு. நீ பஸ்ச வுட்டு எறங்கி வர்றதப் பாத்ததுமே அதான் நெனச்சேன். முப்பத்தெட்டாவது ஆளா நீயே வந்து நிக்கிறியேன்னு.

– நாலு வண்டி ஒரு காணிக்குத்தான் வரும். எனக்கு இருக்கறது அஞ்சு காணி. ஒரு காணியில இன்னா முழுவிடப் போவுது?

– ஒரு காணிதானா? அம்மா மேல சத்தியமா?

– எனக்கு வெதை வேண்டியது ஒரு காணிக்குத்தான். இதுக்கெல்லாம் சத்தியமா?

– ஒரு காணின்னா போனாலும் தாங்கலாம். இரு, நான் யோசிக்கறேன். அவசரப்படுத்தாத. மிச்சம் நாலு காணியப் பத்தி ஒண்ணு சொல்றேன், கேளு. என் கொல்லையப் பாத்தல்ல? மேக்கால ஓரமா நிக்கிறதுதான் கடேசிக் கரும்பு. வெட்டுன எடத்துல கட்டைகூட வுடல. வேரோட நோண்டி எறிஞ்சிட்டு ஏரு ஓட்டிட்டேன். மூணு காணியும் மல்லாட்டை போடப் போறேன். உனக்கும் சேத்து வெதைக் கடலை வாங்கி உள்ள அடுக்கி வெச்சிருக்கேன். பன்னெண்டு மூட்டை.

– எனக்கா?

– உனக்குத்தான். காசு வாணாம். நீ வந்து கேக்கலன்னாலும் நானே கொண்டாந்து போட்டிருப்பேன். ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிக்கினு இரு. வெல வுழும். வாத்தியாரு பள்ளிக்கூடத்துக்கே திரும்பிடுவாரு. புது இஞ்சினெல்லாம் அந்த இரும்புக் கடைக்கு வரும். வாசல்ல ஒருத்தன் வர மாட்டான். அப்ப நீயும் நானும் கரும்பு வெப்போம். உன் வண்டியக் கொண்டாந்து அந்தப் பன்னெண்டு மூட்டையையும் ஏத்திக்கினு போ. வண்டிய எங்க வுட்டுட்டு பஸ்சுல வந்த?

– வண்டி வூட்லதான் நிக்குது.

– மாடு?

– வித்துட்டேன். ஆலை இஞ்சினுக்கு முன்பணம் கட்டணும்னு.

– ஒரு காணிக் கரும்புக்கு எவன்டா இஞ்சின் வாங்குவான்? ஏன் தலையக் குனிஞ்சிக்கற? என்னப் பாரு.

– மல்லாட்டை போட எடமில்லக்கா. நாலு காணியும் போன வாரமே நட்டாச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி.

– ஐயோ தம்பி. எவன் குடுத்தான் உனக்கு வெதை? உன் கதை தெரிஞ்சும் எந்தப் பாவிக்குடா மனசு வந்துது?

– எனக்குன்னு தெரிஞ்சா குடுக்க மாட்டியேன்னு, கடலூரு பக்கம்னு சாமிக்கண்ணுவ நான்தான்க்கா சொல்லச் சொன்னேன்.