ஒன்பது நிமிடப் படம்

சாயங்காலம் ஐந்தே முக்கால். சேலையூர் ஏரியை ஒட்டிய ரோடு. ஒரு சைக்கிள்கூட இல்லை... தொண்ணூத்தாறு மார்ச். பெங்களூரில் இந்தியா–பாகிஸ்தான் மேட்ச். ஊரே டி.வி. முன்னால் கிடந்தது.

மெழுகுவத்தியை இப்படித் தள்ளு. கிட்டே வாங்க. என் சிநேகிதன் ஏசுதாசனின் மச்சான் சவுரிமுத்துவுக்கு நடந்தது இது.

அந்த ரோட்டு ஸ்கேன் சென்டரில் சவுரிமுத்து எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். மேட்ச் பார்க்கக் கால் பரபரத்தது. உள்ளே கடைசி கேஸ், லோகநாயகி. அனகாபுத்தூர் நெசவுக்காரி. புடவையெல்லாம் தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளிச்ச வாடை. இடது புருவத்துக்கு மேலே ஒரு மாதமாகத் தலைவலி.

தலையை இரண்டு விதமாக எடுக்க வேண்டும். முதலில் டி-ஒன். அதில் கொழுப்பு வெள்ளை, தண்ணீர் கறுப்பு. அடுத்தது டி-டூ. அதில் தண்ணீர் பளிச்சென்று வெள்ளை. மூளையில் வீக்கம், சீழ் என்றால் அங்கே நீர் கோத்திருக்கும். டி-ஒன்னில் சாம்பலோடு சாம்பலாகப் பதுங்கியிருப்பதை டி-டூ காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பழைய மெஷினில் டி-டூவுக்கு ஒன்பது நிமிடம். அசையக்கூடாது. லோகநாயகி வலியில் தலையைத் திருப்பினாள். படம் கலங்கிப் போச்சு. மறுபடி எடுத்தான். மறுபடி திருப்பினாள்.

ஸ்பீக்கரில் அவள் குரல். "இன்னும் முடியலியா சார்?"

பக்கத்துக் கட்டிடத்தில் யாரோ விசிலடித்தார்கள். பவுண்டரி.

"முடிஞ்சிடுச்சும்மா... எழுந்துக்கோ."

முடியவில்லை. மத்தியானம் வந்த கங்கையம்மாளின் டி-டூ மெஷினில் இருந்தது. சுத்தமான தலை. பேரை மட்டும் மாற்றி அடித்து ஃபிலிம் போட்டான். லோகநாயகியின் கவரில் செருகினான். பாகிஸ்தான் பேட்டிங் ஆரம்பிக்கும்போதே வீட்டில் இருந்தான்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதினார். இருபதாம் நாள் லோகநாயகி செத்துப்போனாள். மூளையில் சீழ்க் கட்டி உடைந்து.

காரியம் முடிந்து அவள் புருஷன் ரத்தினம் வந்தான். மொட்டைத் தலை. கையில் அந்த ஃபிலிம்.

"மூக்காண்ட கறுப்பா ஓட்டை கீது பாரு சார். மூக்குத்தியைக் கழட்டாம படுத்தா அப்டித்தான் வருமாமே, டாக்டர் சொன்னாரு."

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"எம் பொண்டாட்டிக்கு மூக்கே குத்தல சார்... அப்ப இது யாரு தலை?"

கங்கையம்மாளின் மூக்குத்தி! திருகு இறுகிக் கழலவில்லை என்று அப்படியே படுக்க வைத்தது அப்போதுதான் சவுரிமுத்துவுக்கு ஞாபகம் வந்தது. "மெஷின் கோளாறுய்யா" என்றான்.

ரத்தினம் சத்தம் போடவில்லை. ஃபிலிமை மேஜைமேல் வைத்தான். "நான் வுட்டுடுவேன் சார். அவ வுட மாட்டா."

ஐப்பசி மழை ஆரம்பித்த வாரம், சவுரிமுத்துவுக்குத் தலைவலி வந்தது. இடது புருவத்துக்கு மேலே.

அவன் மெஷினிலேயே எடுத்துப் பார்த்தான். டி-ஒன்னில் அவன் தலைதான். ஆறு வயசில் கிணற்றடியில் விழுந்து நெளிந்த மண்டையோடு. டி-டூவில் நெளிசலைக் காணோம். வழுவழுவென்று சுத்தமான ஒரு தலை... மூக்கு இருக்கும் இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை.

அடையாறில் எடுத்தான். அதே படம். புரசைவாக்கத்தில் எடுத்தான். அதே படம். "க்ளீனா இருக்கே! சும்மா பயப்படாதீங்க" என்றார்கள் டாக்டர்கள். அது தன் தலையே இல்லை என்று எப்படிச் சொல்வான்? சொன்னால், அப்ப யாரு தலை என்று கேட்பார்களே!

அன்றைக்குத்தான் ஏசுதாசனிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். "ஒரே ஒரு நிஜப் படம் கிடைச்சா பொழைச்சிடுவேன் மச்சான்."

கடைசியாக மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சென்டர். ஏசுதாசன் வெளியே கண்ணாடிப் பக்கம் நின்றான். சவுரிமுத்து உள்ளே போனான். கையில் அவசரத்துக்கு அழுத்தும் ரப்பர் பந்து. டி-ஒன் முடிந்தது. டி-டூ ஆரம்பித்தது, இங்கேயும் ஒன்பது நிமிடம். டக்... டக்... டக்... பல்லைக் கடித்து அசையாமல் கிடந்தான். மனசுக்குள் நிமிடம் எண்ணினான்.

இரண்டாவது நிமிடம், குழாய்க்குள் புளிச்ச கஞ்சி வாடை.

சத்தம் சட்டென்று நின்றது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"முடிஞ்சிடுச்சு சார்... எழுந்துக்கோ."

பொம்பளைக் குரல்.

"முடியல! இன்னும் ஏழு நிமிஷம் கீது!" என்று அலறினான். ரப்பர் பந்தைப் பிசைந்தான். டெக்னீஷியன் உமர் ஓடிவந்தான்.

"நான் மைக்கைத் தொடவே இல்ல சார். ஸ்கேன் முடிஞ்சிடுச்சு. பாருங்க, படம் சுத்தமா வந்திருக்கு."

இருபதாம் நாள் சவுரிமுத்து செத்துப்போனான். அவனுக்கும் மூளையில் சீழ்க் கட்டி உடைந்து.

ஏசுதாசன்தான் உடம்பைக் குளிப்பாட்டினான். முகத்தைத் துடைத்தபோது கை நின்றுவிட்டதாம். இடது மூக்கில் ஒரு துளை... புதுசாகக் குத்தினது இல்லை. வருஷக்கணக்காக மூக்குத்தி போட்டுத் தழும்பேறின துளை.