மினுக்கம் இழந்த கிருமியும் காத்தானின் பதினொரு நாளும்

தலைமையேற்றிருக்கும் கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் பெருமதிப்பிற்குரிய நல்லக்கண்ணு ஐயா அவர்களே, சேறு காயாத காலோடு வந்தமர்ந்திருக்கும் பெரியவர்களே, பால் கறந்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, நாகூர் ஹமீதா பானு உங்களை வணங்குகிறேன்.

பின்வரிசை அண்ணன், "சத்தமாப் பேசுங்கம்மா" என்கிறார். இருபத்தாறு ஆண்டுகள் தடுப்பூசி தயாரிக்கும் நிலையத்தில் உழைத்துக் களைத்த குரல் அண்ணே, இவ்வளவுதான் வரும்.

நான் பேச வந்தது பெருமையை அல்ல, பிழையை. ஆறு ஆண்டுகளுக்கு முன், இதே ஒரத்தநாட்டுப் பக்கம், குத்தகைக்காரர் காத்தானின் உழவு மாடுகள் இரண்டும் தொண்டை வீங்கிச் செத்தன. மறுநாள் நிலக்காரர் ரெங்கசாமியின் தொழுவத்தில் ஐந்து. அத்தனைக்கும் ஒரு மாதம் முன்புதான் எங்கள் தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டிருந்தது. ஊசி போட்ட மாடு நோயில் சாகுமா? இருவருக்கும் குத்தகைத் தகராறு கொதித்த காலம். "காத்தான்தான் குட்டையில வெசத்தக் கலந்துட்டான்" என்று ரெங்கசாமி புகார் கொடுத்தார். போலீஸ் காத்தானைக் கொண்டுபோனது. "சொந்த மாட்டையும் கொன்னுட்டு எதக் கட்டி உழுவாருங்க?" என்று அவர் மனைவி செவ்வந்தி கேட்டார்.

பதில் என் மேசையில் இருந்தது. செத்த மாட்டின் கிருமியை வளர்த்துப் பார்த்தேன். சாய்ந்த வெளிச்சத்தில் மயில் கழுத்தாக மினுங்கியது. தடுப்பூசிக்காக நாங்கள் வளர்த்துவந்த கிருமி சாம்பல் நிறமாகக் கிடந்தது. இரண்டும் ஒரே இனம். மினுக்கம் தருவது அதன் மேலுறை. அந்த உறையை வைத்துத்தான் மாட்டின் உடம்பு நோயை அடையாளம் காண்கிறது. மாட்டின் ரத்தத்தில் உறையில்லாத கிருமி பிழைக்காது. கண்ணாடித் தட்டில் எதிரியில்லை, ஊட்டம் உண்டு; உறையற்றதே வேகமாகப் பெருகும். தட்டிலிருந்து தட்டுக்கு, மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்த்தோம். உறை போனது. உறையில்லாததைக் காட்டி மாட்டுக்குப் பாடம் நடத்தினோம்.

மினுக்கம் மங்கியதை, மாடுகள் சாவதற்கு ஓராண்டு முன்பே நான் பார்த்தேன். அதிகாரி துரைராசு, "நல்லாத்தானேம்மா வளருது" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பேசாமைதான் என் குற்றம்.

மாடுகள் செத்தபின், அவர் எழுதாதே என்று தடுத்தும், குறை எங்கள் மருந்தில்தான் என்று அறிக்கை எழுதினேன். காவல் நிலையத்தில் நானே கொடுத்தேன். பதினோராம் நாள் காத்தான் வெளியே வந்தார். அதற்குள் அவர் உழுத நிலத்தில் வேறொருவர் நாற்று நட்டிருந்தார். என் அறிக்கையால் அவரை மீட்க முடிந்தது. நிலத்தை மீட்க முடியவில்லை.

முன்வரிசையில் செவ்வந்தி கேட்கிறார்: "இன்னைக்குப் போடப் போற இந்த மருந்தும் அப்படி ஆவாதுன்னு யாருங்க சொல்றது?"

நியாயம் தாயே. இப்போது மூலக்கிருமியை உறையோடு உலர்த்தி, கண்ணாடிக் குழாயில் அடைத்து வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் புதுக்குழாய் உடைக்கிறோம், மினுக்கம் பார்க்கிறோம். போன மாதம் ஒரு தொகுதி மினுங்கவில்லை. முழுவதையும் கொட்டினேன். ஊசி மூன்று வாரம் தாமதம் என்று என்னைத் திட்டினீர்களே, அதற்குக் காரணம் அதுதான். இனியும் தாமதமாகும், இனியும் திட்டுங்கள்.

செவ்வந்தி எழுந்து போகிறார். கோபமா தாயே?

"இல்லங்க. மாட்ட ஓட்டியாரப் போறேன்."

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.