முள் இறங்கியது

இப்போதெல்லாம் எவனுக்கும் சும்மா இருக்கத் தெரியவில்லை, ஐயா. பல் துலக்கக்கூட ஒரு மெஷின் வேண்டும். ஆனால் வானத்திலிருந்து வேற்றுக்கிரகத்தான் பேசினால் மட்டும் காதில் விழ வேண்டுமாம்.

அதைக் கேட்பதற்கென்றே பெரிய ஆன்டெனா வைத்திருக்கும் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ரோந்து வண்டி ஓட்டுகிறேன். மேலேயிருந்து வருவது அவ்வளவு சன்னமாம்; பக்கத்து வீட்டு மோட்டார் போதும், அதை அமுக்கிவிடும். எந்த வீட்டிலிருந்து காதுக்குக் கேட்காத மின் இரைச்சல் வருகிறது என்று மீட்டரோடு அலைவது என் வேலை. சந்தேகப்பட்ட பொருளை நிறுத்த வேண்டும். மீட்டர் முள் இறங்கிப் பதினைந்து நிமிடம் அப்படியே நின்றால், அதுதான் என்று எழுதிக் கொடுக்கலாம்.

போன மாதம் முழுக்க ஓர் இரைச்சல். எந்தத் தெருவில் போனாலும் முள் உச்சியில் நின்றது. நிறுத்தாமல் ஓடும் மெஷின்தான் இப்படிச் செய்யும். அப்படி ஓடுவது ஒரே வீட்டில். என் அண்ணனுக்கு நுரையீரல் போய்விட்டது. ஆக்சிஜன் மெஷினில்தான் உயிர்.

அந்த மெஷின்தான் இரைச்சல் என்று சொன்னதும் சிரித்தான். "ஏன்டா, நான் மூச்சு விடுறதுகூட உங்க ஆளுங்களுக்குத் தொந்தரவா? வேணும்னா கொஞ்சம் மெதுவா விடட்டுமா?"

சின்ன வயதிலிருந்தே என் பேச்சு அவனுக்கு வேடிக்கைதான்.

மறுநாள் வண்டியை அவன் வாசலில் அணைத்துவிட்டு உள்ளே போனேன். மெஷினின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டிக்குத் திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தால் முள் இறங்கியிருந்தது.

அண்ணி ஓடி வந்தாள். "தம்பி, அவருக்கு உதடெல்லாம் நீலமாகுது. அதைக் குடுத்துடுங்க."

"இன்னும் ஒன்பது நிமிஷம் அண்ணி. நடுவுல போட்டா செல்லாது."

வண்டிக் கதவைத் தட்டினாள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அவள் யாரையும் கூப்பிட முடியாது. ஆன்டெனாவைச் சுற்றியுள்ள எங்கள் வட்டத்தில் செல்போனுக்குத் தடை. வீடு வீடாகப் போய்ப் பறித்து வந்தவனே நான்தான்.

பதினைந்து நிமிடம் ஆனதும் கொடுத்தேன். அதற்குள் அது தேவைப்படாமல் போயிருந்தது.

அடக்கம் முடிந்தும் இரைச்சல் நிற்கவில்லை. நிலையத்துப் பொறியாளரம்மா என் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்தார். "ஐயா, அந்த இரைச்சல் உங்க என்ஜின்லேருந்துதான் வருது. அணைச்சா நின்னுடுது, பாருங்க."

ஃபியூஸைக் கழற்றியது நான்தான். கெஞ்சியும் கொடுக்காதவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். வண்டி என்கிறார்களே, அதை மட்டும் எழுதாதீர்கள். முள் இறங்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

எந்த லாக்கப் அறை என்று சொல்லுங்கள், நானே நடந்து போகிறேன். வண்டியாம்.