வானத்தில் ஓர் ஓட்டை

ஜெர்மானிய ரயில்வே வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி ஒன்றை முதலில் அறிவித்துவிடுகிறேன். சென்ற ஞாயிறு பிற்பகல், முதல் வகுப்புப் பெட்டிகள் முன்னாலும் சாப்பாட்டுப் பெட்டி நடுவிலுமாக, முழு நீள விரைவு ரயில் ஒன்று என் வீட்டு நிலவறையில் நிலையம் வந்து சேர்ந்தது. வரவேற்க யாரும் இல்லை. நானே கை தட்டிக்கொண்டேன்.

எழுதிக்கொள்கிறீர்கள் அல்லவா மேடம்? 'முழு நீளம்' என்பதை அடிக்கோடிடுங்கள். கடையில் விற்கும் மாதிரி ரயில் பெட்டிகள், சின்ன வளைவிலும் திரும்பட்டும் என்று நீளத்தைக் குறைத்துச் செய்தவை. "வெந்நீர்ல தோச்சுட்டியா எக்கார்ட்? உன் வண்டி சுருங்கிப் போச்சே!" என்று எங்கள் ரயில் மன்றத்தில் ஒருவன் கேட்டான். அதன்பின் நான் மன்றத்துக்குப் போகவில்லை. முழு நீளப் பெட்டிகளாகத் தேடித் தேடிக் கோத்தேன். அவை திரும்ப அகன்ற வளைவு வேண்டும். சுவரை ஒட்டித் தண்டவாளம் போட்டு, அந்தச் சுவரிலேயே வானத்தையும் வரைந்தேன்.

நல்ல அக்டோபர் வானம். ஆனால் நிலையத்தின் கூரைக்கு மேலே ஒரு சதுர ஓட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலன்; அது அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

புகைபோக்கிகளைச் சோதிக்கப் பூல்மன் வந்தபோது, இதை அடைக்கலாமா என்று கேட்டேன்.

"வானத்துல ஓட்டை இருந்தா யாரும் சாக மாட்டாங்க சார். இதை அடைச்சா விஷப்புகை நேரா மேல் ரூமுக்குத்தான் ஏறும். மேல யாரு படுக்கிறாங்க?"

"என் மனைவி."

"அப்ப வானம் இப்படியே இருக்கட்டும்."

அவர் கிளம்பும்போது என் மனைவி ரோஸ்வித்தா வாசலுக்கு வந்து, சிரித்துக்கொண்டே அவருடைய கறுப்புக் கோட்டின் பொன்னிறப் பொத்தானைத் தொட்டுக்கொண்டாள். புகைபோக்கிக்காரரைத் தொட்டால் எங்கள் ஊரில் அதிர்ஷ்டம்.

ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் போனதும் ஓட்டையைப் பலகையால் அடைத்து, அதன் மேலேயே ஒரு மேகம் வரைந்தேன். நான் படுப்பது நிலவறையில். என் பக்கம் வெளி ஜன்னல் உண்டு.

"தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது, எக்கார்ட்."

"வானிலை மாறுது, ரோஸ்வித்தா."

எங்கள் நாட்டில் தலைவலிக்கு இதற்கு மேல் விளக்கம் யாரும் கேட்பதில்லை. இடையில் தங்கை வீட்டுக்குப் போய் வந்தாள். அங்கே வலி இல்லையாம். "அங்க வானிலை நல்லா இருந்துச்சு," என்றாள். இருக்கும் என்றேன். அப்போதே மேகத்தைப் பெயர்த்திருக்கலாம். ஆனால் சாப்பாட்டுப் பெட்டி இன்னும் தபாலில் வந்துகொண்டிருந்தது. முதல் ஓட்டம் முடியட்டும் என்று நினைத்தேன். அது நியாயமான நினைப்புதானே.

அவள் அடிக்கடி படிக்கட்டில் வந்து நிற்பாள்.

"மேல பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல. இங்க ஒரு நாற்காலி போடேன், நானும் பாக்கறேன். வாயே திறக்க மாட்டேன்."

"நாற்காலி போட்டா நடக்க வழி இருக்காது."

"சரி, உன் சாப்பாட்டு வண்டியிலயாவது ஒரு சீட்டு குடு."

நான் இரக்கமற்றவன் அல்ல. ஞாயிறன்று, நீலக் கோட்டு அணிந்த, நகத்தளவுப் பெண்ணொருத்தியை அந்தப் பெட்டியின் ஜன்னலோரம் ஒட்டினேன். காப்பி நேரம் வரைக்கும் படுத்திருக்கிறேன் என்று ரோஸ்வித்தா மேலே போயிருந்தாள். ரயில் வந்து சேர்ந்ததும் சொல்லலாம் என்று மாடிக்குப் போனேன். முதலில் ஜன்னல்களை எல்லாம் திறந்தேன். பிறகுதான் அவள் பக்கத்தில் போனேன். முகம் நல்ல சிவப்பாக, ஆரோக்கியமாகத் தெரிந்தது. மேஜையில் இரண்டு கோப்பைகள், இருவருக்கு வெட்டிய கேக். கேக்கை மூடி வைத்தேன்.

கொன்றது நான்தான். ஆனால் அந்த ஓட்டையோடு என்னால் வாழ முடிந்திருக்காது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று உங்கள் போலீஸ் ஆட்கள் மேகத்தைப் பெயர்த்துவிட்டு, எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நடக்க வழி இருந்தது. அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்து பார்த்தால் ஓட்டை தெரியவில்லை. நிலையத்தின் கூரை மறைத்துவிடுகிறது.