பதினேழு சிவப்பு அம்புகள்

தரகர்: இது என்னக்கா?

செக்கர்: எது தம்பி?

தரகர்: இதோ, சமையலறைச் சுவத்துல. சிவப்பா... சின்னதா...

செக்கர்: அம்புக்குறி.

தரகர்: அம்புக்குறின்னு தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்.

செக்கர்: அதுக்கு நேரா பாருங்க. முடி மாதிரி ஒரு விரிசல் ஓடுதா? வீடு வாங்க வர்றவங்க கண்ணுல படாம போயிடக் கூடாதுல்ல?

டிரைவர்: இந்த ரூமுக்கு வாப்பா! ஜன்னல்ல ரெண்டு இருக்கு. மொத்தம் பதினேழு. கட்டின புருஷன் நெத்தியில ஒட்டாம விட்டாளே, அதுவே பெரிசு.

செக்கர்: உங்களை யாரு கேட்டா? கட்டில்ல படுத்துக்கிட்டே கமெண்ட்ரி!

டிரைவர்: ஏழு மாசமா வலது கையும் ஓடல, வலது காலும் ஓடல. வாய் ஒண்ணுதான் ஓடுது. அதுக்கும் பிரேக் போடாதே தாயே.

தரகர்: மாமா, ஒரு நிமிஷம். அக்கா, போன வாரம் நான் மூணு பேரை அனுப்பினேன். மூணு பேரும் "யோசிச்சுச் சொல்றோம்"னு ஓடிட்டாங்க. அப்பவும் இது இருந்துச்சா?

செக்கர்: சேச்சே.

தரகர்: அப்பாடா.

செக்கர்: அப்ப பதினொண்ணுதான்.

தரகர்: கடவுளே!

செக்கர்: தம்பி, நான் சட்டைக் கம்பெனியில முப்பத்தோரு வருஷம் செக்கர். தையல் பிசகின இடத்துல அம்பு ஒட்டுறதுதான் என் வேலை. ஒட்டாம ஒரு சட்டையை அடுத்த மேசைக்குத் தள்ளினவ இல்ல. சொந்த வீடுன்னா மட்டும் கண்ணை மூடிக்கணுமா?

தரகர்: ஒரு சட்டையைக்கூட தள்ளினதில்லையா?

செக்கர்: ...இல்ல.

தரகர்: சரி. ஆனா சட்டையில அம்பைப் பார்த்தா தையல்காரங்க வாங்கிட்டுப் போய் சரி பண்ணுவாங்க. வீட்டுல அம்பைப் பார்த்தா வாங்க வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்க.

டிரைவர்: நல்லா சொல்லு. நான் சொன்னா "உங்களுக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும், கம்பெனி பஸ்ஸைத் தவிர"ங்கிறா.

தரகர்: மாமா, உங்க மேலயும் புகார் இருக்கு. அந்த ரெண்டாவது ஆள்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க?

டிரைவர்: என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே.

செக்கர்: "வெள்ளிக்கிழமைக்குள்ள இது வித்தாகணும் சார், அடுத்த தெருவுல தரைத்தளத்துல ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கோம், அதுக்கு மேல அந்த வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டாராம்"னு வரிசையா ஒப்பிச்சாரு.

டிரைவர்: உண்மைதானே?

தரகர்: உண்மைதான். அதைக் கேட்டுத்தான் அந்த ஆள் கால்வாசி விலையைக் குறைச்சுக் கேட்டான். நம்ம அவசரத்தை நாமளே தட்டுல வெச்சு நீட்டினா எவன்தான் எடுத்துக்க மாட்டான்?

டிரைவர்: நான் ஒரு மடையன்.

தரகர்: அப்படியெல்லாம் சொல்லாதீங்க. இருபத்திரண்டு மாடிப்படி... ஏழு மாசமா நீங்க தெருவையே பார்க்கல. அவசரம் இருக்கத்தான் செய்யும். மூணாவது ஆள்தான் பாவம்.

செக்கர்: அந்த ஆளுக்கு என்ன? நல்லாதானே சுத்திக் காட்டினேன்!

தரகர்: பாத்ரூம் வரைக்கும் பின்னாடியே போனீங்களாம். அலமாரியைத் திறக்கவே பயமா இருந்துச்சுன்னு சொல்றார்.

டிரைவர்: ஹா... ஹா... ஐயோ, சிரிச்சா விலா வலிக்குதே!

தரகர்: இன்னைக்கு வர்றது ஒரு டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும். நாலு மணிக்கு. இப்ப மணி ரெண்டே முக்கால். அக்கா, அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க.

செக்கர்: என்ன இவ்வளவு கனம்? தரகர் பையில சுத்தியல் எதுக்கு?

தரகர்: விரிசலுக்குப் பட்டி, குழாய்க்கு வாஷர், கதவுக் கீலுக்கு எண்ணெய், நாலு பல்பு. எதையெல்லாம் சரி பண்ண முடியுமோ, பண்ணிட்டு அம்பை எடுத்துடுவோம். நீங்க காட்டுங்க, நான் பண்றேன்.

செக்கர்: எந்த ஊர்ல தரகர் குழாய்க்கு வாஷர் போடறாரு?

தரகர்: இங்க போடறாரு. வாங்க, முதல்ல விரிசல்.

...

செக்கர்: பதினாறு. இந்த ஒண்ணுதான் பாக்கி. பாத்ரூம் பின்சுவர். மழைக்காலத்துல ஈரம் ஏறுது. மேல ஒரு பூச்சு பெயின்ட் அடிச்சுட்டா...?

தரகர்: நீங்களா இப்படிக் கேக்கறீங்க?

செக்கர்: சும்மா... நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்த்தேன்.

தரகர்: கூடாதுக்கா. மறைச்சா முதல் மழையில வெளிய வந்துடும், அப்புறம் அவங்க காலத்துக்கும் நம்மளைத் திட்டுவாங்க. அதை நானே வாயால சொல்லிடறேன். முதல் நாளே இந்த ஈரத்தைப் பார்த்துட்டு, சரி பண்ண என்ன செலவாகும்னு கொத்தனார்கிட்ட எழுதி வாங்கிட்டேன், இதோ சீட்டு. குறையைச் சொல்லும்போது கூடவே வழியையும் சொல்லிட்டா யாரும் பயப்பட மாட்டாங்க.

செக்கர்: பாஸ்.

தரகர்: என்னது?

டிரைவர்: நீ பாஸாயிட்டியாம்! முப்பத்தஞ்சு வருஷக் குடும்பம், எனக்கு இன்னும் ரிசல்ட் வரல.

தரகர்: பத்திரம்?

செக்கர்: மூலப் பத்திரம், வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் ஒரே ஃபைல்ல. நீங்க சொன்னபடி.

தரகர்: அருமை. இப்ப கடைசி வேலை. நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருக்கக் கூடாது.

செக்கர்: என்ன விளையாடறீங்களா? இவரை எப்படி...

தரகர்: வீட்டுக்காரங்க எதிர்ல நின்னா வர்றவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க. கீழே கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட சொல்லி நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். மாமா, என் முதுகுல ஏறுங்க.

டிரைவர்: அடேய், நான் எழுபத்தெட்டு கிலோ.

தரகர்: நான் உங்களைத் தூக்கிட்டு வீட்டை விக்கலைன்னா பேரை மாத்திக்கறேன். இடது கையை என் கழுத்துல போடுங்க. அக்கா, பின்னாடி வந்து அவர் காலைப் பிடிச்சுக்கங்க.

செக்கர்: மெதுவா... மெதுவா... சுவர் இடிக்கும்...

டிரைவர்: இருபத்திரண்டு... இருபத்தொண்ணு... ஏய், மூச்சு வாங்குதா?

தரகர்: இல்ல... மாமா... நீங்க... எண்ணுங்க.

டிரைவர்: அஞ்சு... நாலு... மூணு... ரெண்டு...

செக்கர்: என்ன, நிறுத்திட்டீங்க?

டிரைவர்: தெருடி. தெரு தெரியுது.

...

செக்கர்: மேல போய் பத்து நிமிஷம் ஆச்சு. காலடிச் சத்தம் கேக்குதா?

டிரைவர்: எதிர் கடைக்குப் புது ஷட்டர் போட்டிருக்கான் பாரு. நீலம். நல்லாவா இருக்கு?

செக்கர்: இப்ப சமையலறையில நிக்கறாங்க. ரொம்ப நேரமா நிக்கறாங்க.

டிரைவர்: அந்தத் திருப்பத்துல முன்ன ஒரு நாய் படுத்திருக்கும். இப்பவும் அதே நாய்! என்னைப் பார்த்து வாலாட்டுது, பாரேன்...

செக்கர்: நான் இங்க ஒவ்வொரு காலடியா எண்ணிக்கிட்டு இருக்கேன், உங்களுக்கு நாய் முக்கியமா? ஐயோ... குழாயைத் திறக்கறாங்க. அதை இடது பக்கம் திருப்பி ஒரு தட்டு தட்டணும். போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.

டிரைவர்: உக்காரு.

செக்கர்: கையை விடுங்க.

டிரைவர்: இடது கை. இது ஒண்ணுதான் வேலை செய்யுது, விட மாட்டேன். வாஷர் மாத்தியாச்சு, தட்டெல்லாம் வேண்டாம். அவன் பார்த்துப்பான்.

செக்கர்: இவங்களும் போயிட்டா? வெள்ளிக்கிழமைக்கு நாலே நாள். அந்த வீடு கை நழுவினா... உங்களை மறுபடியும் அந்த ரூமுக்குத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வைக்கணும்.

டிரைவர்: வெச்சா படுத்துப்பேன். இன்னைக்கு அரை மணி நேரம் தெருவுல உக்காந்திருக்கேன்ல, அதை வெச்சு ஆறு மாசம் ஓட்டிடுவேன்.

செக்கர்: இப்படிப் பேசாதீங்க...

டிரைவர்: அழாதடி. ஆமா, அந்தப் பையன்கிட்ட எப்பதான் சொல்லப் போற?

செக்கர்: எதை?

டிரைவர்: எதைன்னு கேக்காதே.

செக்கர்: உஷ்... சத்தம் நின்னுடுச்சு. படி இறங்கறாங்க. தலையைத் திருப்பாதீங்க, அவங்க போகட்டும்... போயிட்டாங்க. டீச்சர் முகம் உம்முனு இருக்கு. போச்சு. நான் சொல்லல?

தரகர்: அக்கா.

செக்கர்: சொல்லுங்க தம்பி. தாங்கிப்பேன்.

தரகர்: நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அக்ரிமென்ட்.

டிரைவர்: என்னப்பா சொன்ன? இன்னொரு தடவை சொல்லு.

தரகர்: பத்து மணிக்கு. நாம கேட்ட விலைக்கு, ஈரச் சுவர் செலவை மட்டும் கழிச்சுக்கிட்டு. நாளைக்கே அட்வான்ஸ், மீதி மாசக் கடைசிக்குள்ள, அன்னைக்கே பதிவு.

செக்கர்: டீச்சர் முகம் உம்முனு இருந்துச்சே?

தரகர்: அவங்க முகமே அப்படித்தானாம், வீட்டுக்காரர் சொன்னாரு. விலையை ஒரு தடவை சொன்னேன், வாயை மூடிக்கிட்டேன். அவர் சீலிங்கைப் பார்த்தாரு. நானும் சீலிங்கைப் பார்த்தேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்... அந்த நேரத்துல வாய் திறந்தா நாமளே நம்ம விலையைக் குறைச்சுடுவோம். கடைசியில டீச்சர்தான், "பால்கனியில வெயில் எப்ப வரும்?"னு கேட்டாங்க. அப்பவே முடிஞ்சுதுக்கா. வாங்காத வீட்டு வெயிலைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க.

டிரைவர்: நீ நல்லா இருப்பப்பா. உன் பிள்ளை குட்டி நல்லா இருக்கும். கையெடுத்துக் கும்பிடலாம்னா ஒரு கைதான் மேல வருது.

தரகர்: மாமா, என்ன இது... கையை இறக்குங்க.

செக்கர்: தரைத்தள வீட்டுக்காரருக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க தம்பி.

தரகர்: படியிலேயே நின்னு சொல்லிட்டேன். "சரி, வேற யாருக்கும் காட்டல"ன்னுட்டார்.

செக்கர்: என்னன்னு சொல்றது... சரி, உங்க கமிஷன் எவ்வளவுன்னு சொல்லுங்க. இதுவரைக்கும் வாயே திறக்கல.

தரகர்: அதெல்லாம் வேண்டாம்க்கா.

செக்கர்: வேண்டாமா?

தரகர்: வேண்டாம்.

செக்கர்: கமிஷன் வேண்டாங்கிற தரகரா? அம்பு ஒட்ட வேண்டிய இடம் இதுதான். காரணம் சொல்லுங்க.

தரகர்: காரணம்னு... இல்லக்கா. வாசல்ல "வீடு விற்பனைக்கு" போர்டைப் பார்த்தேன், வந்தேன்...

செக்கர்: இந்தத் தெருவுக்கு, இங்க இருக்கறவங்க தவிர வெளியாள் யாரும் வர மாட்டாங்க. போர்டு உங்க கண்ணுல எப்படிப் பட்டுச்சு?

தரகர்: ...அம்மா அனுப்பினாங்க.

செக்கர்: ம்.

தரகர்: உங்க லைன்ல மூணாவது மெஷின். காலர் தைப்பாங்க. கண்ணுல புரை விழுந்துச்சு. ஆபரேஷன் பண்ண லீவு போட்டா வேலை போயிடும், வேலை போனா என் படிப்பு நிக்கும்னு யார்கிட்டயும் சொல்லல. ஒரு வருஷம், பாதி காலர் கோணலாத்தான் தைச்சிருக்காங்க. ஒண்ணுகூட அம்பு ஒட்டித் திரும்பி வரல.

செக்கர்: அதுக்கென்ன இப்ப?

தரகர்: சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் போனப்புறம் யாரோ அவங்க மெஷின்ல உக்காந்து அத்தனையையும் திரும்பத் தைச்சிருக்காங்க. அம்மாவுக்குத் தெரியும்க்கா. "என் கண்ணு நல்லா இருந்த காலத்துலயே என் தையல் அவ்வளவு நேரா இருந்ததில்லடா"ன்னு சொல்வாங்க.

செக்கர்: தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

தரகர்: சொன்னா நீங்க கூச்சப்பட்டு நிறுத்திடுவீங்கன்னு பயம். நானும் அதனாலதான் சொல்லல. சொன்னா என்கிட்ட வேலை வாங்கக் கூச்சப்படுவீங்கன்னு.

செக்கர்: நீ முதல் நாள் கதவைத் தட்டினப்பவே எனக்குத் தெரியும்டா. கம்பெனி கேட்டுக்கு அம்மாவோட டிபன் டப்பா கொண்டு வருவியே, அதே முகம், மீசை மட்டும் புதுசு. தெரிஞ்ச மாதிரி காட்டினா நீ கமிஷன் வாங்க மாட்ட, அதனாலதான் வாயை மூடிட்டு இருந்தேன். அம்மா எப்படி இருக்காங்க?

தரகர்: நல்லா இருக்காங்க. ரெண்டு கண்ணும் தெரியுது. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, நேர்ல நன்றி சொல்லணுமாம். "அத்தனை காலரையும் அந்தப் புண்ணியவதி ஒத்தை ஆளா அரை மணி நேரத்துல எப்படித்தான் பிரிச்சுத் தைச்சாளோ"ன்னு இன்னைக்கும் அதையேதான் கேக்கறாங்க.

டிரைவர்: ஒத்தை ஆளாவா? கம்பெனி பஸ்ஸை ஷெட்ல நிறுத்திட்டு, காலையிலிருந்து சாப்பாட்டு மணி வரைக்கும் கடைசி சீட்ல பிளேடும் கையுமா நான் என்னப்பா பண்ணிட்டிருந்தேன்?